சஸ்காச்சுவான் புல்வெளி: ஊரும் ஆட்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவிலிருந்து வான்கூவருக்குப் பறக்கிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "கீழே ஒன்றுமே இல்லையே" என்று திரையை இழுத்து விட்டுக்கொள்ளும் இடம் இது. அங்கே யார் வாழ்ந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மண்ணில் தனியாளாக யாரும் நிலைத்ததில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூட்டாகச் செய்ததே இங்கே மிஞ்சியது. அந்தக் கூட்டில் யாரைச் சேர்க்கவில்லை என்பதும் வரலாற்றில் சரிபாதி.

இது எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

சஸ்காச்சுவான் கனடாவின் நடுவே இருக்கும் ஒரு மாகாணம். மேற்கே அல்பர்ட்டா, கிழக்கே மனிடோபா, தெற்கே அமெரிக்க எல்லை. பரப்பளவு சுமார் 6,51,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. ஆட்களோ 2021 கணக்கெடுப்பின்படி 11 லட்சத்து 32 ஆயிரம் சொச்சம் பேர். வடபாதி காடும் ஏரியும். பிரெய்ரி என்று சொல்கிற புல்வெளி தென்பாதியில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் மைனஸ் 40 வரை இறங்கும்.

ஊர்கள் எல்லாம் ஏன் நூல் பிடித்தாற்போல ஒரே இடைவெளியில் இருக்கின்றன?

நிலத்தை முதலில் அளந்துவிட்டு, அப்புறம்தான் ஆட்களைக் குடியேற்றினார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர், ஒரு 'செக்ஷன்'. அதில் கால்வாசி 160 ஏக்கர், ஒரு குடும்பத்துக்கு. 36 செக்ஷன் சேர்ந்தால் ஒரு 'டவுன்ஷிப்'. ஆறு குறுக்கே வந்தாலும் குளம் குறுக்கே வந்தாலும் கோடு நேராகத்தான் போகும். இந்தக் கோடுகளால் ரத்தமே சிந்தியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஊர்களின் இடைவெளிக்குக் காரணம் குதிரை. அறுத்த கோதுமையை வண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அன்று மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் ஏழிலிருந்து பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன், அதன் பக்கத்திலேயே உயரமான மரத் தானியக் கிடங்கு. அதை எல்லோரும் 'எலிவேட்டர்' என்பார்கள். ஒரு காலத்தில் இந்த மாகாணத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் இருந்தன.

பெயர் வைக்கவும் ரயில் கம்பெனிக்காரர்களுக்கு நேரமில்லை. கிராண்ட் டிரங்க் பசிபிக் பாதையில் ஆங்கில அகர வரிசைப்படியே ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். வாட்ரஸ் (W), ஜீனா (X), யங் (Y), ஜெல்மா (Z) என்று கடைசி எழுத்துவரை வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆலன், பிராட்வெல், கிளாவெட். வரைபடத்தில் விரலை வைத்து இன்றும் படித்துப் பார்க்கலாம்.

குடியேறியவர்கள் வருவதற்கு முன் அது காலி நிலம்தானே?

இல்லை. கிரீ, சோட்டோ, நக்கோட்டா, டக்கோட்டா மக்களும், பழங்குடி–ஐரோப்பியக் கலப்பில் தோன்றித் தனி இனமாக வளர்ந்த மெட்டி மக்களும் வாழ்ந்த நிலம். காட்டெருமையே அவர்களுக்குச் சோறு, துணி, கூடாரம் எல்லாம். 1870களின் முடிவில் அந்த மந்தைகள் வேட்டையாலும் தோல் வியாபாரத்தாலும் ஏறத்தாழ அழிந்தன. எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி உரத்துக்காக ரயிலில் ஏற்றி விற்றார்கள். மாகாணத்தின் இன்றைய தலைநகர் ரெஜைனாவுக்கு 1882 வரை 'எலும்புக் குவியல்' என்றுதான் பெயர்.

பசி முற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அரசு ஒப்பந்தங்களோடு வந்தது. 1874இல் கபெல் பள்ளத்தாக்கில் நான்காம் ஒப்பந்தம், 1876இல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் ஆறாம் ஒப்பந்தம். நிலத்துக்கு ஈடாக ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் என்று அதில் எழுதினார்கள். அந்த 5 டாலரை இன்றும் அதே 5 டாலராகவே கொடுக்கிறார்கள். ஆறாம் ஒப்பந்தத்தில் கிரீ தலைவர்கள் வாதாடி ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ஒவ்வொரு அரசு முகவர் வீட்டிலும் மக்களுக்காக ஒரு மருந்துப் பெட்டி இருக்க வேண்டும். பொது மருத்துவம் பற்றி இந்த மண்ணில் எழுத்தில் பதிவான முதல் கோரிக்கை அதுதான் என்பது என் எண்ணம். மாகாணத்தின் பெருமைப் பட்டியல்களில் அதை யாரும் முதலில் வைப்பதில்லை.

பிறகு நடந்தது மோசம். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலமான 'ரிசர்வ்' எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு, விளைந்ததை விற்கவும் அனுமதிச் சீட்டு. பழங்குடி விவசாயிகள் நன்றாகப் பயிர் செய்யத் தொடங்கியபோது, 1889 முதல் சில ஆண்டுகள் அறுவடை இயந்திரம் வாங்கவே அதிகாரிகள் தடை போட்டார்கள். அரிவாளும் மண்வெட்டியும் போதும் என்றார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். புன்னிச்சி அருகே இருந்த கார்டன்ஸ் பள்ளி 1996இல்தான் மூடப்பட்டது. 2021 ஜூனில், மரிவல் பள்ளி இருந்த இடத்தில் அடையாளமில்லாத 751 புதைகுழிகள் இருக்கலாம் என்று கவசெஸ் மக்கள் ரேடார் சோதனைக்குப் பின் அறிவித்தார்கள்.

1885இல் என்ன நடந்தது? லூயி ரியேல் யார்?

மெட்டி மக்களின் நிலங்கள் ஆற்றங்கரையில் தொடங்கி உள்ளே நீண்டு போகும் பட்டைகள். எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் வழி. அரசின் சதுரக் கோடு அதன் குறுக்கே வந்தது. மனு மேல் மனு போட்டும் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து சரியான பதில் இல்லை. 1884இல் வேட்டைத் தலைவர் கேப்ரியேல் டூமோனும் இன்னும் சிலரும் குதிரையேறி அமெரிக்காவின் மொன்டானாவுக்குப் போய், முன்பே மெட்டிகளுக்குத் தலைமை தாங்கிப் போராடி, அப்போது அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ரியேலை அழைத்து வந்தார்கள்.

அடுத்த ஆண்டு மோதல் வெடித்தது. மே 9 முதல் 12 வரை பட்டோஷ் என்ற ஊரில் கடைசிச் சண்டை. குழி வெட்டிப் பதுங்கிச் சுட்ட மெட்டிகள், தோட்டா தீர்ந்தபின் ஆணியையும் கூழாங்கல்லையும் துப்பாக்கியில் போட்டுச் சுட்டதாகச் சொல்வார்கள். ரியேலை நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். அதே மாதம் 27ஆம் தேதி பேட்டில்ஃபோர்டில் பழங்குடி ஆண்கள் எட்டுப் பேரை ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். டூமோன் தப்பி அமெரிக்கா போய், பஃபலோ பில்லின் கண்காட்சியில் குறிபார்த்துச் சுடும் வித்தை காட்டிப் பிழைத்தார். பின்னர் ஊர் திரும்பி 1906இல் இறந்தார். தன் ஆட்கள் பின்வாங்கிய பட்டாளத்தைத் துரத்தாமல் தடுத்த கிரீ தலைவர் பவுண்ட்மேக்கருக்குத் துரோகி என்ற பட்டமும் சிறையும் கிடைத்தன. அவர் குற்றமற்றவர் என்று கனடா அரசு சொன்னது 2019இல்.

10 டாலருக்கு 160 ஏக்கர் கொடுத்தது உண்மையா?

உண்மை. பதிவுக் கட்டணம் 10 டாலர். மூன்று ஆண்டுக்குள் குடியிருந்து, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுதால் பட்டா. ஆனால் மரமில்லாத இடத்தில் எதை வைத்து வீடு கட்டுவது? புல்வேரோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். குளிருக்கு இதமாக இருக்கும். மழை நின்ற பிறகும் கூரை மட்டும் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும். 1901இல் 91,000 பேர் இருந்த இடத்தில் பத்தே ஆண்டில் 4,92,000 பேர். ஆங்கிலேயர், உக்ரைனியர், ஜெர்மானியர், நார்வேக்காரர், ஹங்கேரியர் எல்லோரும் வந்தார்கள்.

கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கும் திருமணமாகாத பெண்ணுக்கும் இந்தச் சலுகை இல்லை. 1905இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜினா பின்னி-கிளார்க், கபெல் பக்கம் விலை கொடுத்து நிலம் வாங்கித் தானே கோதுமை பயிரிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இலவசம் இல்லை" என்று ஒட்டாவா வரை போய்க் கேட்டார். கிடைக்கவில்லை.

1899இல் ரஷ்யாவிலிருந்து சுமார் 7,500 டூகோபோர்கள் வந்தார்கள். ஆயுதம் தொட மாட்டோம், அரசனுக்குச் சத்தியம் செய்ய மாட்டோம் என்ற சமயத்தார். அவர்களுடைய பயணச் செலவுக்காக டால்ஸ்டாய் தன் நாவல் ஒன்றின் வருமானத்தைக் கொடுத்தார். வந்த புதிதில் ஆண்கள் கூலிக்கு ரயில் பாதை போடப் போக, மாடு குதிரை போதாத ஊர்களில் பெண்கள் வரிசையாக நின்று ஏர் இழுத்து உழுதார்கள். நிலம் பொதுவில்தான் இருக்கும், தனித்தனியாகப் பதிய மாட்டோம் என்றதால் 1907இல் பெரும்பகுதி நிலம் பறிபோனது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். கூட்டுறவுக்குப் பெயர்போன மாகாணத்தில், நிஜமாகவே கூட்டாக வாழ வந்தவர்களுக்கு நேர்ந்தது இது.

கூட்டுறவு, கூட்டுறவு என்கிறார்களே, எப்படித் தொடங்கியது?

கோபத்தில் தொடங்கியது. வண்டி எலிவேட்டருக்குள் ஏறியதும் தராசு, தரம், கழிவு எல்லாம் கிடங்குக்காரர் சொன்னதுதான். 'ஈரம் இருக்கிறது', 'களைவிதை கலந்திருக்கிறது' என்று கழித்து அடிமாட்டு விலை சொல்வார். திருப்பி எடுத்துப் போனால் குதிரைக்கும் ஒரு நாள் வீண், ஆளுக்கும் ஒரு நாள் வீண். ரயில் பெட்டியில் நேராகத் தாங்களே ஏற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் ஸ்டேஷன் முகவர் பெட்டிகளைக் கிடங்குக் கம்பெனிகளுக்கே ஒதுக்கினார்.

1901இல் அமோக விளைச்சல். பெட்டி கிடைக்காமல் தானியம் வெட்டவெளியில் கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் இண்டியன் ஹெட் ஊரில் விவசாயிகள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அபர்நெத்தியைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். மதர்வெல் தலைவர். 1902இல் பக்கத்து ஊரான சிண்டலூட்டாவில், வரிசைப்படி பெட்டி தராத ரயில்வே முகவர் மீது வழக்கு. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயும் விவசாயிகளே ஜெயித்தார்கள். விவசாயிகளுக்குத் தாங்களும் ஒரு சக்தி என்று அன்றுதான் உறைத்தது. அதே சிண்டலூட்டாவைச் சேர்ந்த ஈ. ஏ. பார்ட்ரிஜ் 1906இல் விவசாயிகளுக்கே சொந்தமான தானியக் கம்பெனியைத் தொடங்கினார்.

1924இல் வந்தது 'வீட் பூல்'. ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லோரும் கோதுமையைப் பொதுவில் கொட்டுவார்கள். அன்றைக்கே ஒரு முன்பணம். ஆண்டு முழுக்க விற்ற பிறகு மீதிப் பணம், எல்லோருக்கும் ஒரே சராசரி விலையில். அறுவடைக் காலத்து விலைச் சரிவில் யாரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள். 1929இல் புஷலுக்கு (சுமார் 27 கிலோ கோதுமை) 1 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு உலகச் சந்தை விழுந்ததும் பூலும் விழப் பார்த்தது. அரசு கைகொடுக்க, விற்பனைக் கூட்டு போய்க் கிடங்குக் கூட்டாக மட்டும் நின்றது.

1930களின் வறட்சி அவ்வளவு கொடுமையா?

கோதுமை விலை புஷலுக்கு 40 சென்டுக்கும் கீழே. மழை இல்லை. உழுத மேல்மண் காற்றில் எழும்பிப் பட்டப்பகலில் விளக்கேற்ற வைத்தது. 1937 ஜூலை 5 அன்று மிடேல், யெல்லோ கிராஸ் ஊர்களில் 45 டிகிரி. 2021 வரை கனடாவின் உச்ச வெப்பம் அதுதான். அந்த ஆண்டு விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலுக்கும் குறைவு. பெட்ரோலுக்குக் காசில்லாதவர்கள் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்கள். பிரதமர் ஆர். பி. பென்னட்டைக் கேலி செய்ய அதற்குப் 'பென்னட் பக்கி' என்று பெயர். கிழக்குக் கடற்கரையிலிருந்து நிவாரணமாக உப்புக் கருவாடு வந்தது. கடலையே பார்க்காத ஜனங்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கூரைக்கு ஓடாகப் போடலாம் என்று கிண்டல் செய்தார்கள். நல்ல கருவாட்டுக்கு இப்படி ஒரு கதி.

கப்பல் கட்டிய விவசாயி கதை நிஜமா?

நிஜம். ஃபின்லாந்தில் பிறந்த டாம் சுகனென், மக்ரோரி ஊர்ப்பக்கம் விவசாயம் பார்த்தவர். அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார் என்பார்கள். கைவேலையில் கெட்டிக்காரர். எல்லோரும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த 1930களில், கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வயலில் உட்கார்ந்து ஒரு கப்பல் கட்டத் தொடங்கினார். அதை ஆற்றில் இறக்கி ஹட்சன் விரிகுடா வழியாகப் பிறந்த ஊருக்கே போய்விடுவது திட்டம். இரும்புத் தகட்டைத் தானே அடித்து வளைத்தார், கொதிகலனையும் தானே செய்தார். அங்கிருந்து ஆற்றுக்குப் பதினேழு மைல் தூரம். கப்பலைப் பாகம் பாகமாகக் கட்டி, ஒற்றைக் குதிரையாலும் கப்பியாலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கையிருப்பு எல்லாம் இரும்புக்குப் போக, உடம்பு எலும்பும் தோலுமானது. கடைசியில் மருத்துவமனையில் அடைத்தார்கள். 1943இல் அங்கேயே இறந்தார். பின்னாளில் பாகங்களைத் திரட்டிக் கப்பலை முழுதாக நிறுத்தி, பக்கத்தில் அவரையும் மறுபடி அடக்கம் செய்தார்கள். பைத்தியம் என்றுதான் ஊர் சொன்னது. அந்தத் தகடுகளின் தையலைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கனடாவின் இலவச மருத்துவம் இங்கேதான் பிறந்ததா?

ஆமாம். டாமி டக்ளஸ் என்ற ஒருவரின் சாதனையாக மட்டும் அதைச் சொல்வது பாதிக் கதை.

1915இல் ஹோல்ட்ஃபாஸ்ட் ஊர் மருத்துவர் கிளம்பிவிடுவார் போலிருந்தது. சார்னியா கிராம நகராட்சி, வரிப்பணத்திலிருந்து அவருக்கு 1,500 டாலர் கொடுத்து நிறுத்திக்கொண்டது. இது மற்ற ஊர்களுக்கும் பரவி 'முனிசிபல் டாக்டர்' என்ற ஏற்பாடானது. இதற்குப் பின்னால் பெண்களின் உழைப்பு நிறைய. ஹாரிஸ் ஊர்ப்பக்கத்து வயலட் மக்னாட்டன் உயரத்தில் ஐந்தடிகூட இல்லை. பண்ணைப் பெண்களைத் திரட்டி, மருத்துவச்சி வேண்டும், செவிலியர் வேண்டும், எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று நச்சரித்தே 1916இல் பல ஊர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டச் சட்டம் வரவைத்தார். அதே ஆண்டு மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததிலும் அவர் பங்கு பெரிது. 1939இல் மெக்கிலப் நகராட்சியில், நார்வேயில் பிறந்த மேத்யூ ஆண்டர்சன் ஆளுக்கு 5 டாலர் வரியில் மருத்துவத் திட்டம் நடத்திக் காட்டினார்.

டக்ளஸ் இதன்மேல்தான் கட்டினார். 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறுவயதில் கால் எலும்பில் சீழ் பிடித்து, காலை எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. மாணவர்களுக்குக் காட்டிச் சொல்லித்தர ஒத்துக்கொண்டால் காசு வாங்காமல் அறுவை செய்கிறேன் என்று வின்னிபெக்கில் ஒரு மருத்துவர் சொன்னார், கால் பிழைத்தது. 1930இல் வேபர்ன் ஊருக்குப் பாதிரியாராக வந்தவர், வறட்சியைப் பார்த்து அரசியலுக்குப் போய் 1944இல் முதல்வரானார். 1946இல் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் சோதனைத் திட்டம், 1947இல் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிக் காப்பீடு.

முழு மருத்துவத் திட்டம் 1962 ஜூலை 1 அன்று, அடுத்த முதல்வர் உட்ரோ லாயிட் காலத்தில் தொடங்கியது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம். 23 நாள். பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். பல ஊர்களில் ஜனங்களே காசு போட்டுச் சமூக கிளினிக் திறந்தார்கள். திட்டம் நின்றது. பத்தாண்டுக்குள் கனடா முழுக்க வந்துவிட்டது. இதில் பாராட்டு குறைவாகக் கிடைத்தவர் லாயிட்தான். அடி முழுவதையும் வாங்கியது அவர்.

சாப்பாடு, விளையாட்டு, கொண்டாட்டம்?

அறுவடை முடிந்ததும் ஊர் ஊராக 'ஃபவுல் சப்பர்' என்ற பொது விருந்து. சமூகக் கூடத்தில் நீள மேசை, வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, சாஸ்கடூன் என்ற சிறு பழம் வைத்துச் சுட்ட 'பை' (pie) பலகாரம். டிக்கெட் வாங்கிப் பந்தி பந்தியாக உட்கார வேண்டும். ஒரு மூலையில் உக்ரைனியப் பாட்டிமார் பெரோகி அவித்துக்கொண்டிருப்பார்கள். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள், மேலே வதக்கிய வெங்காயம். வசூல் பெரும்பாலும் பனிச்சறுக்குக் கூடத்துக் கூரையைப் பழுது பார்க்கப் போகும்.

ஐஸ் ஹாக்கியின் பெரிய பெயரான கார்டி ஹோ, 1928இல் ஃபுளோரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். கஷ்டத்தில் இருந்த ஒரு பெண் விற்ற பழைய சாமான் மூட்டையைத் தாய் வாங்க, அதில் ஒரு ஜோடி ஸ்கேட் இருந்தது. சகோதரியோடு அதற்குப் போட்டி. பனிக்கட்டித் தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங்கில் பிகர் ஊர் சாண்ட்ரா ஷ்மிர்லர் 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2000இல் 36 வயதில் புற்றுநோயில் இறந்தார்.

நம் அடுப்பங்கரைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இலங்கையில் தினம் கொதிக்கும் மைசூர்ப் பருப்பில் நிறைய இங்கே விளைந்தது; இந்தியாவும் பெரிய அளவில் வாங்குகிறது. 1970க்கு முன் இந்தப் பருப்பு இங்கே கிட்டத்தட்ட இல்லை. ஈரம் சேரட்டும் என்று நிலத்தை ஒரு போகம் தரிசாகப் போடுவார்கள். 1972இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆல் ஸ்லிங்கார்டு, இந்த மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்கினார். 1978இல் 'லெயர்டு', 1980இல் 'எஸ்டன்'. வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்க, தரிசு கிடந்த இடம் வருமானமானது. 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டபோது ரோஸ்டவுன் பக்கத்து விவசாயிகள் டெல்லிச் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்கள் இன்று எப்படி இருக்கின்றன?

சுருங்கிவிட்டன. 1936இல் 1,42,000க்கும் மேற்பட்ட பண்ணைகள். 2021இல் 34,000 சொச்சம். தானிய ரயில் கட்டணச் சலுகை 1995இல் போனதும் கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்டன, மர எலிவேட்டர்கள் இடிக்கப்பட்டு கான்கிரீட் கிடங்குகள் வந்தன. பல சிற்றூர்களில் டாக்டர் இந்தியாவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்தவர். ரிசர்வ்களில் நிலைமை வேறு: அங்கே மக்கள்தொகை இளமையானது, கூடிவருகிறது.

போய்ப் பார்க்க விரும்பினால்?

ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். பட்டோஷ், மாகாணத்தின் பெரிய நகரான சாஸ்கடூனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். பழங்குடிப் பாரம்பரியப் பூங்காவான வனுஸ்கெவின் சாஸ்கடூன் ஓரத்திலேயே. 2019இல் காட்டெருமைகளை அங்கே மறுபடி கொண்டு வந்தார்கள். சுகனென் கப்பல் மூஸ் ஜாவுக்குத் தெற்கே. டூகோபோர் பிரார்த்தனைக் கூடம் வெரிகின் ஊரில். மதர்வெல் வீடு அபர்நெத்தியில். டாங்க் நிரப்பாமல் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். அடுத்த பங்க் நினைப்பதைவிடத் தூரம். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அல்பர்ட்டா எல்லைமேல் இருக்கும் லாயிட்மின்ஸ்டர் அல்பர்ட்டா நேரத்தில் ஓடும்.